கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கப்பலில்: இருவரும் போய் வந்த முதல் சுற்றுலா

சொகுசு தேடுகிறவர்களுக்கான கப்பல் இல்லை இது. நீச்சல் குளம், மேடைக் கச்சேரி, கோட் மாட்டிக்கொண்டு போகவேண்டிய ராத்திரி விருந்து எதுவும் கிடையாது. ஆனால் பிள்ளைகளைப் படிக்கவைத்து, கட்டிக்கொடுத்து, அதற்கப்புறம்தான் நாம் இரண்டு பேரும் தனியாக எங்கேயாவது போவோமா என்று யோசிக்கிற எங்களைப் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமாக வேறொன்று அமையாது என்பது என் எண்ணம்.

எங்களுக்குச் செங்கோட்டை. 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் என்பதால் மலையாளம் யாரும் சொல்லித்தராமலே காதில் விழுந்து பழகிவிட்டது, அது இந்தப் பயணத்தில் ரொம்பவே கைகொடுத்தது. நடு ராத்திரிக்கு மேல் பாலருவி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் எறணாகுளம். கப்பல் ஏறும் இடம் கொச்சித் துறைமுகத்து வில்லிங்டன் தீவில்.

லட்சத்தீவுக்கு வெளியூர்க்காரர் யார் போனாலும் அனுமதிச் சீட்டு வேண்டும், 1967-ல் போட்ட விதி. நம்மூர் போலீஸ் ஸ்டேஷனில் வாங்கும் சான்றிதழும் கேட்கிறார்கள், அதற்கு ஓரிரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கோபம் வந்த ஒரே விஷயம் ஏஜென்ட்தான். இரண்டு பேர் தங்கும் அறை என்று சொல்லி அதற்கான பணத்தை வாங்கிவிட்டு, நான்கு படுக்கை அறையில் போட்டிருந்தார், கப்பல் ஏறும் இடத்தில் சீட்டைக் கையில் வாங்கியபோதுதான் தெரிந்தது. போனில் கேட்டால் "சீசன் டைம் மேடம்" என்ற ஒரே பதில், மிச்சப் பணம் இன்றுவரை வரவில்லை. கணவன் மனைவியாகப் போகிறவர்கள் முழுப் பணத்தையும் கொடுப்பதற்கு முன்னால் எந்த வகுப்பு, எத்தனை படுக்கை என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். கூட இருந்த கோயம்புத்தூர் தம்பதி நல்ல மனிதர்கள் என்பதால் தப்பித்தோம்.

சாயங்காலம் கப்பல் கிளம்பி, ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவிலுள்ள துறைமுக வாய் வழியாகச் சீன மீன்பிடி வலைகளைத் தாண்டிக் கடலுக்குள் போகிறது. எல்லோரும் மேல்தளத்துக்கு வந்துவிட்டார்கள். சுற்றுலாக்காரர்களோடு தீவுக்காரர்களும் இதே கப்பலில்தான் ஊருக்குத் திரும்புகிறார்கள். எறணாகுளத்தில் ஆஸ்பத்திரி பார்த்துவிட்டு வருகிறவர்கள், கல்லூரியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள், மின்விசிறிப் பெட்டியையும் வெங்காய மூட்டையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். கைலியோடு நடமாடலாம், வெறுங்காலோடு தளத்தில் படுக்கலாம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கல்பேனித் தீவைச் சேர்ந்த ஓர் அம்மா, எல்லோரும் இத்தா (அக்கா) என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன், எங்களைப் பக்கத்தில் உட்காரவைத்து அவித்த முட்டையும் தேங்காய் இனிப்பும் கொடுத்தார். அங்கே முஸ்லிம் குடும்பங்களாக இருந்தும் தறவாட்டுச் சொத்து, அதாவது கூட்டுக்குடும்பச் சொத்து, தாய்வழியாக வருவது பழைய வழக்கம் என்று அவர் சொல்லக் கேட்டதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டி வந்ததால் நாங்கள் தூக்கம் வரும்வரை தளத்திலேயே இருந்தோம். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் சிக்னல் போய்விடும். எங்க வீட்டுக்காரர் குடிநீர் வடிகால் வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், மோட்டார் நின்றுவிட்டது, குழாய் உடைந்துவிட்டது என்று எந்த நேரத்திலும் போன் வந்துகொண்டிருந்த மனிதர், ஓய்வுக்குப் பிறகும் யாராவது கூப்பிட்டு யோசனை கேட்பார்கள். அந்தப் போன் பைக்குள் செத்துக் கிடக்க, இவர் பாட்டுக்குத் தன்னுடைய பள்ளிக்கூட நாட்களைப் பேசிக்கொண்டே போனார், அதில் பாதி நான் அதுவரை கேட்டதே இல்லை. பணம் கொடுத்த எந்த வசதியையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் பட்டது.

ராத்திரி கப்பல் ஓடும், பகலில் தீவு, சாயங்காலம் மறுபடி கப்பல் என்பதுதான் முறை. தீவைச் சுற்றிப் பவளப்பாறை இருப்பதால் பெரிய கப்பல் கரைக்கு வராது, வெளியே நின்றுவிடும். பக்கவாட்டுக் கதவைத் திறப்பார்கள், கீழே சின்னப் படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், ஒரு நொடி நம் கால்மட்டத்துக்கு வரும், அடுத்த நொடி ஓர் ஆள் உயரம் கீழே போய்விடும். கதவருகே ஒருவர் நம் முழங்கையைப் பிடித்திருப்பார், படகில் நிற்கும் இரண்டு பேர் கையை நீட்டிக்கொண்டு அலையைத்தான் பார்ப்பார்கள், நம்மைப் பார்க்கமாட்டார்கள். படகு மேலே வரும்போது "இப்போ!" என்று ஒரு குரல், அந்தக் கணத்தில் கால் எடுத்து வைத்துவிட வேண்டும், யோசித்தால் படகு கீழே போய்விடும். எழுபது வயதுப் பாட்டியைக்கூடப் பூப்போல இறக்கினார்கள். அந்தப் பையன்களின் கைக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஆனாலும் முட்டிவலி, இடுப்புவலி இருப்பவர்கள் இதை நன்றாக யோசித்துவிட்டு முடிவெடுங்கள். பெண்கள் சேலையை விட்டுவிட்டுச் சுடிதாரோடு போங்கள்.

கல்பேனி கொச்சியிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். 1847-ல் அடித்த பெரும்புயல் கிழக்குக் கரையோரம் தூக்கிப்போட்டதாகச் சொல்லும் பவளக்கல் குவியல் இன்றும் கிடக்கிறது. இந்தப் பக்கம் லகூனில், அதாவது பவளப்பாறைக்கு உள்ளே அடங்கிய கடலில், தண்ணீர் இடுப்பளவுதான், அடியில் மணல் வெள்ளையாகத் தெரியும். இவர் குண்டாற்றில் நீந்தி வளர்ந்தவர், எனக்குக் குற்றாலத்து அருவியில் தலையைக் காட்டியதோடு சரி. லைஃப் ஜாக்கெட் போட்டு, கண்ணாடி மாட்டி, "ஏளா, பயப்படாம முகத்த உள்ள வையி" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வைத்தேன். மஞ்சள் கோடு போட்ட மீன்கள் என் விரலுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போயின. அப்புறம் என்னை வெளியே வரவைக்க அவருக்குத்தான் பாடு.

மினிக்காய் தனி உலகம். மற்ற தீவுகளுக்கும் இதற்கும் நடுவில் ஒன்பது டிகிரி கால்வாய் என்ற அகன்ற கடல், பேச்சும் மலையாளம் இல்லை, மஹல், மாலத்தீவு மொழியோடு சேர்ந்தது. ஆண்கள் பலர் உலகம் பூராவும் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள். 1885-ல் வெள்ளைக்காரன் கட்டிய கலங்கரை விளக்கத்தில் ஏறினோம், மூச்சு வாங்கியது, மேலே போய்ப் பார்த்தால் பத்து கிலோமீட்டர் நீளத்துக்குத் தென்னை அடர்ந்த பிறைபோன்ற மெல்லிய தீவு, ஒரு பக்கம் வெளிர்நீலம், மறுபக்கம் கருநீலம். சூரைமீனைத் தூண்டில் போட்டு ஒவ்வொன்றாகத்தான் பிடிக்கிறார்கள், பிறகு அவித்து, புகைபோட்டு, கட்டைபோலக் காயும்வரை வெயிலில் வைக்கிறார்கள். நம்ம தூத்துக்குடிப் பக்கம் மாசிக் கருவாடு என்று விற்பது இதுதான். சம்பலுக்கு ஒரு பொட்டலம் வாங்கிவந்தேன், நல்ல சரக்கு.

கவரத்தி தலைநகரம், அங்கே கண்ணாடி அடிப்படகும் மீன் காட்சியகமும் உண்டு, உஜ்ரா மசூதியின் மரவேலைப்பாட்டையும் பாருங்கள். ஆனால் எங்க வீட்டுக்காரருக்குக் கவரத்தி என்றால் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம்தான். ஆறும் ஏரியும் இல்லாத தீவு, மணலுக்கடியில் கொஞ்சம் நல்ல தண்ணீர், இறைத்தால் உப்பேறிவிடும். சென்னை பள்ளிக்கரணையிலிருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005-ல் இங்கே இதை அமைத்தது, நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர். காற்றை உறிஞ்சி எடுத்த கலனுக்குள் மேல்மட்டத்து வெதுவெதுப்பான கடல்நீரை விட்டால் அடுப்பில்லாமலே ஒரு பகுதி ஆவியாகிறது, சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாய்வழியே ஏற்றும் குளிர்ந்த நீரால் அந்த ஆவியைக் குளிரவைத்தால் நல்ல தண்ணீர். வெளியே நின்றபடியே இதை எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார், கூட வந்த கோயம்புத்தூர்க்காரரும் படகோட்டும் பையனும் நின்று கேட்டார்கள். வாழ்நாள் முழுக்கத் தண்ணீருக்காக அலைந்தவர் முகத்தில் அன்றைக்குப் பார்த்த மலர்ச்சியை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

சாப்பாடு கேரளச் சாப்பாடு. கப்பலில் உப்புமா, சப்பாத்தி, மட்டை அரிசிச் சோறு, சாம்பார், மீன்குழம்பு. ருசி சுமார், வயிற்றைக் கெடுக்கவில்லை. எங்க ஊர்ப் பக்கத்துப் பிரானூர் பார்டர் பரோட்டாவுக்குப் பழகிய நாக்கோடு போகாதீர்கள். தீவில் மதியம் தென்னைமரத்தடியில் கொடுத்த சூரைமீன் வறுவல் மட்டும் வேறு ரகம், அதற்காகவே இன்னொரு முறை போகலாம். சைவக்காரர்களுக்குச் சோறும் பருப்பும் காய்கறியும் உண்டு, அதற்குமேல் எதிர்பார்க்க வேண்டாம். இங்கெல்லாம் மதுவிலக்கு, பங்காரம் தீவில் மட்டும்தான் விலக்கு இல்லை, அதனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நிம்மதி.

ஆட்டம் முதல் ராத்திரி கொஞ்சம் படுத்தியது. டாக்டரைக் கேட்டு வாந்தி மாத்திரை கொண்டுபோங்கள், கப்பல் கிளம்பிய பிறகு இல்லை, கிளம்பும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். கீழ்த்தளத்தில் கப்பலின் நடுப்பகுதி அறை கிடைத்தால் ஆட்டம் குறைவு. ஏடிஎம்மை நம்பாமல் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் இந்தச் சுற்றுலா நடப்பதில்லை, அக்டோபருக்கு மேல் பாருங்கள், டிசம்பர் கூட்டத்தை விட்டு ஜனவரி பிப்ரவரியில் போனால் கடலும் அமைதியாக இருக்கும். ஒரு தீவோடு திரும்பிவிடும் பயணங்களும் விற்கிறார்கள், விலை குறைவுதான், ஆனால் மினிக்காயும் சேர்ந்த பயணமா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.