பஞ்சிகாவத்தையில் டிப் தேடினால்: விஸ்கஸா, பிளேட்டா, டோர்சனா?

என்னுடையது 1990 மாடல் மஸ்டா ரோட்ஸ்டர், 1.6 இஞ்சின். மழை நாளில் வளைவில் கொஞ்சம் மிதித்தால் உள்பக்கப் பின் ரயர் மட்டும் சும்மா சுற்றும். டிப் (டிபரன்ஷியல்) என்பது பின் ரயர் இரண்டுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி; ஒரு ரயர் மட்டும் சும்மா சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகைதான் லிமிட்டட் ஸ்லிப். சரி, அப்படி ஒன்றைப் பழசாகப் பார்ப்போம் என்று கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். இரண்டு தடவை போக வேண்டி வந்தது. முதலில் வாங்கியது செத்த சாமான்.

அது விஸ்கஸ். 1.6 வண்டிக்கே வந்தது, விலையும் குறைவு, கியர் பொக்ஸிலிருந்து டிப்புக்கு வரும் நடுத் தண்டைத் தொடவே தேவையில்லை. ஆனால் அதில் பிடி கொடுப்பது சீல் செய்த கூட்டுக்குள் இருக்கும் சிலிக்கோன் திரவம். முப்பது வருடச் சூட்டில் அது சத்திழந்துவிடும். நல்ல விஸ்கஸில் டிப்பின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்க அச்சைத் திருப்பினால், கித்துள் பாணிக்குள் கரண்டியைச் சுழற்றுவது போல இழுக்கும். என்னுடையது தேத்தண்ணியில் சீனி கலக்குவது போல ஓடியது. "ஒயில் ஊத்தினா சரியாகும் தம்பி" என்றார் கடைக்காரர். நானும் நம்பினேன். வெளியே ஊற்றும் ஒயிலுக்கும் உள்ளே இருக்கும் திரவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

பிளேட் வகை (குஸ்கோ, காஸ் போன்ற ஜப்பான் சாமான்) பிடியில் ராஜா. ஒரு ரயர் அந்தரத்தில் நின்றாலும் மற்றதற்கு இழுவை போகும். தேய்ந்தால் பிளேட்டை மாற்றலாம், ஆனால் அதை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும். ஒயிலையும் அடிக்கடி மாற்ற வேண்டும். வெள்ளவத்தை ஒழுங்கைக்குள் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்தால் பின்னால் டக் டக் என்று கேட்கும். அம்மாவை ஏற்றிக்கொண்டு போக முடியாது, இறங்கிவிடுவார்.

டோர்சன் 1993 முதல் 1.8 ரோட்ஸ்டரில் வந்தது. உள்ளே எல்லாம் பல்சக்கரம். தேய பிளேட் இல்லை, கெட்டுப்போகத் திரவமும் இல்லை. ஒரு ரயர் முழுதாகத் தூக்கிக்கொண்டால் மட்டும் சாதாரண டிப் போலவே நடந்துகொள்ளும். ஹேண்ட் பிரேக்கை லேசாக இழுத்தால் சமாளிக்கலாம். தினமும் ஓடும் வண்டிக்கு நான் இதைத்தான் சொல்வேன். வாங்கும்போது கவனம்: எல்லா 1.8 வண்டியிலும் டோர்சன் இல்லை. கையால் சுற்றிப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, அதுவும் லேசாகத்தான் சுற்றும். பக்க அச்சைக் கழற்றி டோர்ச் அடித்துப் பாருங்கள். குறுக்கே கம்பி தெரிந்தால் அது டோர்சன் இல்லை.

மாற்றும் வேலையில்தான் காசு போகும். 1.6இன் கிரவுன் வீல் (டிப்புக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம்) 6 அங்குலம், 1.8இல் 7. ஆகவே உள்ளிருப்பதை மட்டும் எடுத்துப் போட முடியாது. டிப் கூடு, இரண்டு பக்க அச்சு, நடுத் தண்டு எல்லாம் ஒரே வண்டியிலிருந்து செட்டாக வேண்டும். தனித்தனியாகப் பொறுக்கினால் மலிவு போலத் தெரியும், கடைசியில் ஏதோ ஒன்று பொருந்தாது. செட்டில் இன்னொரு லாபம், கூட்டைத் திறக்கத் தேவையில்லை. திறந்தால் பல் இடைவெளியை மறுபடி அளந்து வைக்க வேண்டும். கை பழகாத மெக்கானிக் என்றால் 60இல் ஊளைச் சத்தம் தொடங்கும்.

பல் விகிதமும், அதாவது ரயர் ஒரு தடவை சுற்ற நடுத் தண்டு எத்தனை தடவை சுற்ற வேண்டும் என்பதும், 4.3இலிருந்து 4.1 ஆகிறது. ஸ்பீட் மீட்டர் கேபிள் கியர் பொக்ஸிலிருந்து வருவதால், அது முன்பைவிட சுமார் 5 வீதம் குறைத்துக் காட்டும். கொழும்பு-காலி ரோட்டில் 50 என்று நினைத்து ஓட்டும்போது ஞாபகம் இருக்கட்டும், பொலிஸ்காரரின் கருவிக்கு உங்கள் டிப் கதை தெரியாது.