கொம்பு இடம் மாறிய சான்றிதழ்

மன்னார்குடியில் தையல் வகுப்பு எடுக்கும் நண்பர் போன வாரம் போன் செய்தார். "அண்ணே, நீங்க பாடம் தயாரிக்கிற அந்த மென்பொருளுக்கு விலையைக் குறைச்சிருக்காங்களாமே, வாங்கலாமா?" பத்து நிமிடம் புலம்பித் தீர்த்தேன். மிச்சம் இங்கே.

இரண்டு வருடமாகத் திருந்திய நெல் சாகுபடிக்கு, அதாவது இளநாற்றை இடைவெளி விட்டு நடும் முறைக்கு, அதில்தான் பாடம் போடுகிறேன். வயலில் எடுத்த வீடியோவை ஏற்றி, வேண்டிய இடத்தில் நிறுத்திக் கேள்வி வைக்கலாம். "நாற்றுக்கு எத்தனை நாள் வயது?" என்று கேட்கும். 14 என்றால் நடவுக்குப் போகும். 25 என்றால் மறுபடியும் நாற்றங்காலிலேயே கொண்டுபோய் விடும். பெரியவர் ஒருவர் மூன்று தடவை 25-ஐயே அழுத்திவிட்டு, "இது என்னைவிடப் பிடிவாதம் புடிக்குது" என்றார். எச்5பி என்ற இலவசக் கருவியிலும் இதைச் செய்யலாம்; ஆனால் அதை மூடுல் என்ற பாடத் தளத்திலோ, இணையதளம் அமைக்கும் வேர்ட்பிரஸிலோ பொருத்த விஷயம் தெரிந்த ஆள் வேண்டும். இதில் யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. எனக்கே வந்துவிட்டது என்றால் பாருங்கள்.

சரி, வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். பாடம் முடித்தவருக்குத் தானாக ஒரு பிடிஎஃப் சான்றிதழ் வரும். திரையில் பெயரும் ஊரும் அழகாக இருக்கும். பிடிஎஃப்பில் கொரடாச்சேரி என்ற ஊர் சின்னாபின்னமாகிவிடும். ககரத்துக்கு முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய், காலோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். சகரத்தின் இரட்டைக்கொம்புக்கும் அதே கதி. மாட்டுக்கு வாலில் கொம்பு முளைத்த மாதிரி! ஓர் அம்மா சான்றிதழைத் திருப்பிக் கொடுத்து, "இது எங்க ஊரு இல்லைங்க சார்" என்றார்.

காரணம் பெரிய ரகசியமில்லை. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ககரமோ சகரமோ முதலிலும் உயிர்க்குறி பின்னாலும்தான் சேமிக்கப்படும். காட்டும்போது கொம்பை முன்னால் இழுத்து வைப்பது வேறொரு நிரலின் வேலை. குரோமும் பயர்பாக்ஸும் பயன்படுத்தும் ஹார்ப்பஸ் என்ற நிரல் அதைச் செய்கிறது, அதுவும் இலவசமாக. சான்றிதழ் அச்சாகும் இடத்தில் மட்டும் இவர்கள் அப்படி எதையும் வைக்கவில்லை போல. ஐந்து தடவை படத்தோடு எழுதினேன். ஐந்து தடவையும் "தங்கள் கருத்துக்கு நன்றி" வந்தது.

இப்போது பெயரும் ஊரும் வரும் இடத்தைக் காலியாக விட்டு அச்செடுத்து, மைப்பேனாவால் நானே எழுதிக் கொடுக்கிறேன். பழைய பிடிஎஃப் வாங்கியவர்கள்கூட வந்து, "எனக்கும் கையால எழுதிக் குடுங்க" என்கிறார்கள். சட்டம் போட்டு மாட்டப் போகிறார்களாம். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அறுபது சான்றிதழ் எழுதிய ராத்திரி விரல்தான் மடங்கவில்லை.

காசு வாங்கிக்கொண்டு கொம்பை இடம் மாற்றி வைப்பவர்களிடம் எதற்குப் போகவேண்டும்? "வாங்காதீங்க தம்பி" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஜூன் 12 மேட்டூர் திறப்பதற்குள் கோனோவீடர் என்ற களையெடுக்கும் கருவிக்கான பாடத்தை முடித்தாகவேண்டும் என்பதால், அவர் போன் செய்ததற்கு முந்தின நாள்தான் இன்னொரு வருடத்துக்குப் பணம் கட்டியிருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.