வெட்டுத் தெரியும் கழுத்தும் தெரியாத கழுத்தும்

உரோமையில் உள்ள இரண்டு பளிங்குச் சுரூபங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இரண்டுமே கழுத்தில் வெட்டுப்பட்டு, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகளுடையவை.

முதலாவது, புனித அந்திரேயா கிம் தேகோன். கொரியாவின் முதல் கத்தோலிக்கக் குரு. 1846 செப்டம்பர் 16 அன்று, 25 வயதில், தலை வெட்டிக் கொல்லப்பட்டார். 2023இல் அதே நாளில் அவருடைய சுரூபம் புனித பேதுரு பேராலயத்தின் வெளிச்சுவர் மாடத்தில் ஆசீர்வதிக்கப்பட்டது. செதுக்கியவர் கொரியச் சிற்பி ஹான் ஜின்-சோப். இத்தாலியின் கராரா பளிங்கு, உயரம் 3.77 மீட்டர்.

இதில் வாள் இல்லை, காயமும் இல்லை. கொரிய அங்கியும் தொப்பியும் அணிந்த இளைஞர் இரு கைகளையும் விரித்து நிற்கிறார். அந்தத் தொப்பியிடம் என் கண் திரும்பத் திரும்பப் போகிறது. 'காட்' எனப்படும் அது மூங்கில் இழையாலும் குதிரைமயிராலும் பின்னப்படுவது, கருநிறம், வெளிச்சம் ஊடுருவும் மென்மை. பளிங்கில் அது வெண்மையாகி, கனத்துவிடுகிறது. அந்த இழப்பை ஈடுகட்டுவது அங்கியின் அகன்ற கைப்பகுதி. நீட்டிய கை பளிங்கில் முறிவுக்கு அஞ்ச வேண்டிய இடம். இங்கே மடிப்பு மடிப்பாகக் கீழிறங்கும் துணி, கைகளைத் தாங்குவதுபோல் உடலோடு சேர்கிறது.

இரண்டாவது, திரஸ்தேவரே பகுதியிலுள்ள ஆலயத்தில் சிற்பி ஸ்தேபனோ மதெர்னோ 1600இல் முடித்த, தொடக்ககால உரோமைக் கிறிஸ்தவப் பெண்ணான புனித செசிலியா. முந்தைய ஆண்டு செசிலியாவின் கல்லறையைத் திறந்தபோது அவர் உடலைக் கண்ட நிலையிலேயே செதுக்கியதாகச் சிற்பி உறுதி கூறியிருக்கிறார். பக்கவாட்டில் கிடக்கும் சின்ன உடல். முகம் தரைப் பக்கம் திரும்பியிருக்கிறது. கழுத்தில் ஒரே ஒரு மெல்லிய கீறல், அவ்வளவுதான். அதைக் கண்டபின் வேறெதையும் பார்க்க மனம் வருவதில்லை.

மிலான் பேராலயத்தில் தன் உரித்த தோலையே போர்த்தி நிற்கும் பர்த்தலமேயு, தோலுரித்துக் கொல்லப்பட்டதாகச் சொல்லப்படும் இயேசுவின் சீடர், மூன்றாவது வழி. 1562இல் மார்கோ தாக்ராத்தே செய்தது. நரம்பும் தசையும் காட்டும் திறமை பெரிது. ஆனால் அங்கே புனிதரைவிட உடற்கூறே முன்னால் நிற்கிறது. எனக்கு ஒப்பவில்லை.

மறைசாட்சியம் என்பதை உணரச் செய்வதில் செசிலியாவே மேல் என்பேன். கிம் யாரென்று தெரியாதவர் அவரை வரவேற்கும் குருவாக மட்டுமே காண்பார். ஆனாலும் ஹான் ஜின்-சோப் காயத்தை விட்டது சரியென்றே படுகிறது. செசிலியா கிடப்பது பீடத்தடியில், செபிக்க வருகிறவர்களின் அருகில். கிம் நிற்பதோ திறந்தவெளியில், உலகமெங்கிலுமிருந்து வருகிறவர்களின் தலைக்கு மேலே. அத்தனை உயரத்தில் அந்த மெல்லிய கீறல் யார் கண்ணுக்கும் எட்டாது. விரித்த கைகள் எட்டும்.