ஜாங்கோ இன்லைன் ஃபோம்செட் பாவிச்சுப் பாத்தன்

ஜாங்கோ எண்டது பைத்தன்ல வெப்சைட் செய்யிற ஃப்ரேம்வேர்க், அதில இன்லைன் ஃபோம்செட் எண்டா ஒரு பதிவையும் அதுக்குச் சேந்த பல லைனையும் ஒரே பக்கத்தில நிரப்ப விடுற வசதி. வெள்ளவத்தைல தெரிஞ்ச அண்ணா ஒராளின்ட ஹார்ட்வெயார் கடைக்கு பில் போடுற பக்கம் செய்யேக்க, வாடிக்கையாளர் ஒரு மொடல் (டேட்டாபேஸ்ல ஒரு டேபிள் மாதிரி), பில் இன்னொண்டு, சாமான் லைன் எல்லாம் மூண்டாவது, இது மூண்டையும் ஒரே ஃபோம்ல கொண்டுவர இந்த ஃபோம்செட்தான் கைகுடுத்துச்சு, உண்மையா நல்ல சாமான். சும்மா விட்டா 3 வெறும் லைன் காட்டும், எக்ஸ்ட்ரா எண்ட செட்டிங்க 1 ஆக்கினன். டெம்ப்ளேட்ல (பக்கத்தின்ட HTML ஃபைல்) மெனேஜ்மென்ட் ஃபோம் (எத்தின லைன் இருக்கு எண்டு சொல்ற, கண்ணுக்குத் தெரியாத ஃபீல்டுகள்) போட மறந்தா ஒண்டும் சேவ் ஆகாது, எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க அதிலயே போச்சு.

ரெண்டு ஃபோம்லயும் ஒரே பேர்ல ஃபீல்ட் இருந்தா ப்ரீஃபிக்ஸ் (ஃபீல்ட் பேருக்கு முன்னால சேர்ற அடையாளம்) கட்டாயம் குடுங்கோ, இல்லாட்டி டேட்டா மாறிப் போயிரும். சேவ் பண்றத ட்ரான்சாக்‌ஷன் அடொமிக்குக்குள்ள (எல்லாம் சேவ் ஆகும், இல்லாட்டி ஒண்டும் ஆகாது) போடுங்கோ, இடையில பிழைச்சாலும் பாதி பில் நிக்காது. புது லைன் சேக்கிற பட்டனுக்கு ஜாவாஸ்க்ரிப்ட் நாங்களே எழுதவேணும், அது மட்டும் குறை.