பழைய ட்ரைட்டனில் மானிட்டர் விண்ட் வேன்: மெக்சிகோ போகிறவர்களுக்கு

பழைய பாய்மரப் படகு ஒன்றைச் சரிசெய்து சான் பிரான்சிஸ்கோவில் இருந்து தெற்கே மெக்சிகோ வரை போகலாம் என்று இருப்பவர்கள், காசை முதலில் எதில் போடுவது என்று கேட்டால் நான் சொல்வது இதுதான்: பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள், படகின் அடியில் உள்ள வால்வுகள், அதற்கு அடுத்தது விண்ட் வேன், அதாவது காற்றை வைத்தே படகைத் தானாகத் திசை மாறாமல் ஓட்டும் கருவி. சோலார், ஃபிரிட்ஜ், கடல் வரைபடத்தைப் பெரிய திரையில் காட்டும் சார்ட் பிளாட்டர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எங்களுடையது பியர்சன் ட்ரைட்டன், 1960களில் கட்டியது. கார்ல் ஆல்பெர்க் வரைந்த 28 அடிப் படகு, முதலில் 1959ல் நியூயார்க் படகுக் கண்காட்சிக்கு வந்தது. மேற்குக் கரைக்கான ட்ரைட்டன்களை இங்கே சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் இருக்கும் சாசலிட்டோவிலேயே கட்டினார்கள். ஃபைபர்கிளாஸை எவ்வளவு தடிமனாகப் போட்டால் போதும் என்று யாருக்கும் சரியாகத் தெரியாத காலம் அது, அதனால் தாராளமாகவே போட்டிருக்கிறார்கள். உடம்பு கெட்டி. கவனிக்க வேண்டிய இடம் பாய்மரம் நிற்கும் இடத்துக்கு நேர் கீழே இருக்கும் மரக் குறுக்குக் கட்டை, வயதான ட்ரைட்டன்களில் அது விரிசல் விடும். அதைப் பார்க்காமல் வேறு எதையும் வாங்காதீர்கள்.

சரி, விண்ட் வேனுக்கு வருவோம். படகில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். ஒருவர் தூங்கினால் மற்றவர் சுக்கான் பிடியைவிட்டு நகர முடியாது, டீ போடக்கூட முடியாது, மழைக் கோட்டை எடுக்கக்கூட முடியாது. இரண்டு பேர் மாறி மாறி இரவும் பகலும் கையால் ஓட்டினால் இரண்டாவது இரவிலேயே கண் சொக்கும், தவறான முடிவுகள் எடுப்பது அப்போதுதான். நாங்கள் விலை கேட்ட ஒரு படகுப் பட்டறையில் பெரிய எலக்ட்ரிக் ஆட்டோபைலட், அதற்குக் கூடுதல் பேட்டரி, பேட்டரிக்குப் பெரிய ஆல்டர்னேட்டர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. இத்தனை சின்னப் படகில் அந்த மின்சாரத்துக்கு எங்கே போவது என்பதற்கு மட்டும் அங்கே பதில் இல்லை.

நாங்கள் போட்டது மானிட்டர் என்ற விண்ட் வேன், அதைத் தயாரிப்பது வளைகுடாவின் அந்தப் பக்கம் ரிச்மண்டில் இருக்கும் ஸ்கேன்மார் நிறுவனம். 316எல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், எடை சுமார் 25 கிலோ, விலை சில ஆயிரம் டாலர். மின்சாரம் ஒரு சொட்டுகூட வேண்டாம். மேலே ஒரு லேசான பலகை காற்றுக்கு நேராக நிற்கும். படகு திசை மாறினால் காற்று அதன் பக்கவாட்டில் பட்டு சாய்க்கும், அந்தச் சாய்வு தண்ணீருக்குள் இருக்கும் துடுப்பைக் கொஞ்சம் திருப்பும். ஓடும் படகில் இருந்து கையைத் தண்ணீருக்குள் விட்டு உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பாருங்கள், தண்ணீர் கையை எவ்வளவு வேகமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது என்று தெரியும். அதே தள்ளல்தான் துடுப்பை ஊசலாக ஒரு பக்கம் வீசி, அதில் கட்டிய கயிறுகள் வழியாகச் சுக்கான் பிடியை இழுக்கிறது. காற்று ஏறி படகு வேகம் பிடிக்கப் பிடிக்க இதன் பலமும் கூடுகிறது. எலக்ட்ரிக் கருவி திணற ஆரம்பிக்கும் இடத்தில் இது நன்றாக வேலை செய்யத் தொடங்கும்.

பொருத்துவது நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை. ட்ரைட்டனின் பின்புறம் குறுகலாகவும் சாய்வாகவும் இருக்கும், அதனால் தாங்கு குழாய்களை உங்கள் படகின் அளவுக்கு வெட்ட வேண்டும், அளவெடுப்பதில் அவசரம் கூடாது. துளை போட்டபோது வெளியே வந்த வட்டத் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தோம்: முழுக்கக் கண்ணாடி இழை, உள்ளே மரமும் இல்லை, ஈரமும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உங்களுக்கு அந்தத் துண்டு ஈரமாகவோ பழுப்பாகவோ வந்தால் வேலையை அங்கேயே நிறுத்திவிட்டுப் பின்பலகையை முதலில் சரிசெய்யுங்கள். உள்பக்கம் ஒவ்வொரு போல்ட்டுக்கும் பின்னால் அகலமான தகடு கட்டாயம். பின்பக்கப் பெட்டிக்குள் ஒருவர் மடங்கிப் படுத்து ஸ்பேனரைப் பிடிக்க, இன்னொருவர் வெளியே திருக வேண்டும், தனியாக ஆகிற காரியமில்லை.

கோல்டன் கேட்டுக்கு வெளியே வடமேற்குக் காற்று 20 நாட் வேகத்தில் (மணிக்கு சுமார் 37 கி.மீ.) அடிக்கும்போது முதலில் பாயைச் சமன் செய்ய வேண்டும். இதைக் கடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. ட்ரைட்டனின் பெரிய பாயை முழுதாக ஏற்றி வைத்தால் அணியம், அதாவது படகின் முன்பக்கம், காற்றை நோக்கித் திரும்பிக்கொண்டே இருக்கும், எந்த விண்ட் வேனும் அதோடு மல்லுக்கட்டித் தோற்கும். சீக்கிரமே பாயைக் குறைத்துவிடுங்கள். சுக்கான் பிடி இரண்டு விரலில் லேசாக நிற்கும் நிலை வந்ததும் விண்ட் வேன் கயிறுகளைப் பிடியோடு இணைக்கும் சங்கிலியை மாட்டினால், எங்கள் இருவரில் யாரைவிடவும் நேராக ஓட்டுகிறது. அலை பின்னால் இருந்து வரும்போது கொஞ்சம் வளைந்து வளைந்து போகும், அது பரவாயில்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன், இவை இந்த வகைக் கருவி எல்லாவற்றுக்கும் பொதுவானவை. தெற்கே போகும் வழியில் பெரும்பாலும் காற்று முதுகில்தான், அது மெல்லிய காற்றாக இருந்தால் பலகையைச் சாய்க்கப் பலம் போதாது. எஞ்சினில் ஓட்டும்போதும் இது உதவாது. இரண்டுக்கும் ஒரே மருந்து உண்டு: சின்ன டில்லர் பைலட் ஒன்றை, அதாவது சுக்கான் பிடியைத் தள்ளும் சின்ன எலக்ட்ரிக் கருவியை வாங்கி, காற்றுப் பலகையின் இடத்தில் அது தள்ளும்படி மாட்டிவிட வேண்டும், கனமான வேலையைத் தண்ணீர் பார்த்துக்கொள்ளும், பேட்டரியில் இருந்து மிகக் கொஞ்சம்தான் போகும். பின்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் மரினாவில் (படகு நிறுத்துமிடத்தில்) ரிவர்ஸ் எடுக்கும்போது கவனம் வேண்டும், அடியில் நீண்ட கீல் (அடிமரம்) வைத்த படகு ரிவர்ஸில் சொன்னபடி கேட்பதும் இல்லை.

2022 கோல்டன் குளோப் ரேஸில் இரண்டாவதாக வந்த நம் அபிலாஷ் டாமி, ஆட்டோபைலட்டுக்கு அனுமதியே இல்லாத அந்தப் போட்டியில் விண்ட் வேனை நம்பித்தான் உலகைச் சுற்றினார், அது உடைந்தபோது படகுக்குள் இருந்ததை அறுத்துச் சரிசெய்துகொண்டார். சர்க்யூட் போர்டு போயிருந்தால் நடுக்கடலில் அது முடியுமா? மானிட்டரில் துடுப்பு எதிலாவது மோதினால் முதலில் உடைவதற்கென்றே ஒரு பாதுகாப்புக் குழாய் இருக்கிறது, அதற்கு உதிரி வாங்கி வையுங்கள். எண்ணெய் போடக் கூடாது, நல்ல தண்ணீரில் கழுவினால் போதும். கயிறு கப்பியில் தேயும் இடத்தைத் தினமும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

ஹைட்ராலிக் ஸ்டீயரிங் படகுக்கு இது பொருந்தாது, வளைகுடாவுக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்குத் தேவையும் இல்லை. புயல் காலம் நவம்பர் 30 வரை இருந்தாலும் அது ஓயும் சமயம் பார்த்துப் பலர் அக்டோபர் கடைசி, நவம்பர் தொடக்கம் வாக்கில்தான் சான் டியேகோவை விடுகிறார்கள், அங்கிருந்து காபோ சான் லூகாஸ் சுமார் 750 கடல் மைல். அந்த ஆண்டு கோடைக்கு முன்பே இதைப் பொருத்தி, கலிபோர்னியா கரையில் இருக்கும் பாயிண்ட் கன்செப்ஷன் முனைக்கு வடக்கே இருக்கும் முரட்டுக் கடலிலேயே ஓட்டிப் பழகிவிடுங்கள்.