‘ப்யூர் வெஜ்’ என்று சொல்லி இறால் விழுதைப் பரிமாறினார்கள்: பெங்களூரில் விருந்துக்கு ஆள் வைப்பவர்கள் கவனத்துக்கு

சென்ற மாதம் எங்கள் வீட்டில் நடந்த ஒரு விருந்தைப் பற்றி எழுதுகிறேன். வீட்டு விசேஷத்துக்கு வெளியிலிருந்து சமையல்காரர்களை அழைப்பவர்கள், அதிலும் சைவம் மட்டுமே உண்ணும் விருந்தினர்களுக்காக அழைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுவது நல்லது. புகார் நிலுவையில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை.

நாங்கள் விருதுநகர்ப் பக்கம். அல்சூரில் 26 ஆண்டுகளாக இருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்காத வாரம் எங்கள் வீட்டில் அபூர்வம். மகளுக்கு நிச்சயமாகியிருக்கும் இடமோ திருநெல்வேலிச் சைவக் குடும்பம், மல்லேஸ்வரத்தில் வசிக்கிறார்கள், முட்டைகூடத் தொடாதவர்கள். பெண் பார்க்க வந்த நாளிலேயே எங்கள் பழக்கத்தை மறைக்காமல் சொல்லியிருந்தோம், அவர்களும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் முதல் முறையாக அவர்களைச் சாப்பிட அழைத்தபோது எனக்கு ஒரு தயக்கம் இருந்தது. மீன் வறுத்த சட்டியும் கறி வெந்த குக்கரும் இருக்கும் அடுப்படியில் அவர்களுக்குச் சமைத்துப் போடுவது மரியாதையாகுமா என்று யோசித்து, சைவம் மட்டுமே சமைப்பதாகச் சொல்லும் ஓர் இடத்திலிருந்து, அவர்களுடைய பாத்திரங்களிலேயே, எல்லாவற்றையும் செய்யச் சொல்லலாம் என்று முடிவெடுத்தேன். என் கையாலேயே சாம்பாரும் அவியலும் வைத்திருந்தால் இந்தப் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

மாப்பிள்ளைக்குத் தாய்லாந்து உணவு பிடிக்கும் என்று மகள் சொன்னதால், உணவு ஆர்டர் செய்யும் செயலியில் பச்சை வட்டத்துடன் ‘ப்யூர் வெஜ்’ என்று போட்டிருந்த ஒரு நிறுவனத்தைப் பிடித்தோம். தலைக்கு 850 ரூபாய் வீதம் 22 பேருக்கு 18,700 ரூபாய். வீட்டுக்கே வந்து சமைத்துப் பரிமாறுவார்கள். தொலைபேசியில் நான் கேட்ட ஒரே கேள்வி, “முழுக்கச் சைவம்தானே?” என்பது. “நூறு சதவீதம், மேடம்” என்று பதில் வந்தது. அந்தக் கேள்வியும் அந்தப் பதிலும் எவ்வளவு வெறுமையானவை என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒரு சமையல்காரரும் இரண்டு உதவியாளர்களும் வந்தார்கள். டாம் யம் சூப், பப்பாளிக்காய் சாலட், காய்கறிகள் போட்ட கிரீன் கறி, நூடுல்ஸ், கடைசியில் மாம்பழப் புட்டிங். சாப்பாடு நன்றாகவே இருந்தது என்பதை மறைப்பதில் பயனில்லை. சம்பந்தியின் தாயார், 84 வயதானவர், பல் பிரச்சினையால் சூப்பையும் சோற்றையும் மட்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “இந்தப் புளிப்பு நம்ம ரசம் மாதிரியே இருக்கு” என்று பாராட்டினார். ஒன்பதரை மணிக்கு அவர்கள் கிளம்பினார்கள். சமையல் ஆட்களும் முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

பத்து மணிக்கு என் தங்கை மகனுக்கு உதடு தடித்து, கழுத்தெல்லாம் அரிப்பு எடுக்கத் தொடங்கியது. அவனுக்குச் சிறு வயதிலிருந்தே இறால் ஒத்துக்கொள்ளாது. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் எது என்ன என்று ஒவ்வொன்றையும் கேட்டுத்தான் தொடுவான். அன்று சைவ விருந்து என்பதால் எதையும் கேட்கவில்லை. எப்போதும் கைவசம் வைத்திருக்கும் அலர்ஜி மாத்திரையைக் கொடுத்து, அருகிலிருந்த மருத்துவமனைக்கு அழைத்துப்போய் ஓர் ஊசி போட்ட பிறகு நள்ளிரவுக்குள் அடங்கியது. மூச்சுத் திணறும் அளவுக்குப் போகாதது எங்கள் அதிர்ஷ்டம்.

மருத்துவமனையிலிருந்து திரும்பியதும் நான் உலர் கழிவுப் பையைத் தரையில் கொட்டிப் பார்த்தேன். காலையில் மாநகராட்சி வண்டிக்குக் குப்பையைப் பிரித்துக் கொடுக்கவேண்டிய ஊர் இது என்பதால், அவர்கள் காலி டப்பாக்களையெல்லாம் ஒழுங்காக அந்தப் பையில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். கிரீன் கறி விழுது டப்பாவில் பச்சை மிளகாய், எலுமிச்சைப்புல், பூண்டு, பேரரத்தை என்று வரிசையாக எழுதி, அதற்குப் பிறகு ‘ஷ்ரிம்ப் பேஸ்ட்’ என்று இருந்தது. இறக்குமதியாளர் ஒட்டிய சீட்டில் அசைவத்தைக் குறிக்கும் பழுப்பு முக்கோணம் தெளிவாக அச்சாகியிருந்தது. டாம் யம் விழுதிலும் அதே முக்கோணம். ஒரு மீன் சாஸ் புட்டி, பாதி தீர்ந்த சிக்கன் பவுடர் டின், புட்டிங்குக்குப் போட்ட ஜெலட்டின் பொட்டலம். ஐந்து வகைப் பலகாரத்தில் மீனோ, இறாலோ, கோழியோ, எலும்போ சேராதது எது என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

மறுநாள் நிறுவனத்தின் உரிமையாளரிடம் பேசினேன். அவர் மறுக்கவில்லை என்பதுதான் எனக்கு அதிக அதிர்ச்சி. “கறித்துண்டு எதுவும் போடவில்லையே மேடம், அது மசாலா மட்டும்தானே, 22 பேருக்கு நான்கு ஸ்பூன்தான்” என்றார். எங்கள் ஊரில் கத்தரிக்காய்க் குழம்பில் இரண்டு துண்டு கருவாடு விழுந்தால் அதற்குப் பெயர் கருவாட்டுக் குழம்பு. துண்டுகளைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுப் பரிமாறினாலும் அதைக் கத்தரிக்காய்க் குழம்பு என்று சொல்லிச் சைவர் இலையில் ஊற்ற எவருக்கும் துணிவு வராது. அசைவம் சமைப்பவர்களுக்குத்தான் இந்த எல்லை நன்றாகத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன்.

சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில், பால், பால் பொருட்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, விலங்கு, பறவை, மீன் ஆகியவற்றின் எந்தப் பகுதி சேர்ந்தாலும், முட்டை சேர்ந்தாலும், அது அசைவ உணவு. எத்தனை ஸ்பூன் வரை பரவாயில்லை என்ற கணக்கே அதில் கிடையாது. 2021 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றமும், எவ்வளவு சிறிய அளவாக இருந்தாலும் விலங்கிலிருந்து வந்த பொருள் கலந்தால் அந்த உணவு அசைவமே என்றும், ஒவ்வொரு சேர்மானமும் தாவரத்திலிருந்து வந்ததா விலங்கிலிருந்து வந்ததா என்பதை வெளிப்படுத்த வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அசைவக் குறியீடு முன்பு பழுப்பு வட்டமாக இருந்தது. நிறம் பிரித்தறிய முடியாதவர்களுக்கும் புரியவேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் லேபிள் விதிகளில் முக்கோணமாக்கப்பட்டது. நிறம் தெரியாதவர்களுக்கும் தெரியும் அந்த முக்கோணம் இந்தச் சமையல்காரரின் கண்ணில் மட்டும் படவில்லை.

இனி யாரிடமும் “சைவமா?” என்று நான் கேட்கப்போவதில்லை. அந்தச் சொல்லுக்கு நாம் ஒரு பொருள் வைத்திருக்கிறோம், அவர்கள் ‘மேலே மிதக்கும் துண்டு இல்லை’ என்று வேறொரு பொருள் வைத்திருக்கிறார்கள். குஸ்காவை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம்: பல கடைகளில் அது பிரியாணி அண்டாவிலிருந்து கறியை ஒதுக்கி அள்ளிய சோறுதான். ஊருக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் எத்தனை பேர் அதைச் சைவம் என்று நம்பிச் சாப்பிட்டிருக்கிறார்கள்! எனவே, “என்னென்ன பாட்டில், என்னென்ன விழுது, என்னென்ன பவுடர் பயன்படுத்துகிறீர்கள், லேபிளைப் படம் எடுத்து அனுப்புங்கள்” என்று கேளுங்கள். தாய்லாந்துச் சமையல் என்றால் கறி விழுதில் இறாலும், சாலட்டில் மீன் சாஸும் உலர்ந்த இறாலும் வழக்கமாகவே சேர்பவை. அவை இல்லாமல் செய்ய வேண்டுமென்றால் விழுதைக் கையால் அரைக்க வேண்டும், அல்லது அதற்கென்றே வரும் சைவ விழுதை வாங்க வேண்டும். சீனச் சமையலில் சிப்பி சாஸையும் சிக்கன் பவுடரையும் கேளுங்கள்; சிப்பி சாஸுக்குப் பதிலாகக் காளானில் செய்த சாஸ் கிடைக்கிறது. ஜப்பானிய மீசோ சூப்பின் அடித்தண்ணீர் பெரும்பாலும் உலர்ந்த மீன் சீவலில் கொதித்தது. கொரியக் கிம்ச்சியில் மீன் சாஸோ உப்பிட்ட இறாலோ இருப்பது சாதாரணம். இத்தாலிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸ் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைக் கொண்டு உறையவைப்பது. ஜெலட்டின் மாட்டின் அல்லது பன்றியின் தோலிலும் எலும்பிலும் இருந்து வருவது. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் காய்ச்சும் கடல்பாசி அந்த வேலையை அழகாகச் செய்துவிடும். பேக்கரி பப்ஸின் பளபளப்புக்கு முட்டை தடவியிருக்கலாம் என்பதையும் பலர் யோசிப்பதில்லை.

அடுப்படியையும் விசாரியுங்கள். பிறகு நான் தேடிப் பார்த்தபோது, இந்த நிறுவனத்தின் 14 இலக்க உணவு உரிம எண்ணும், கோழி வறுவலுக்குப் பெயர்போன இன்னொரு கடையின் உரிம எண்ணும் ஒன்றாகவே இருந்தன. ஒரே சமையற்கூடம், இரண்டு பெயர்கள். நான் என் சட்டிகளுக்குப் பயந்து எந்தப் பாத்திரங்களை வரவழைத்தேன் என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

சம்பந்தி வீட்டில் சொல்வதா வேண்டாமா என்பதில் எங்கள் வீட்டிலேயே இரண்டு கருத்து இருந்தது. “தெரியாமல் சாப்பிட்டதற்குத் தோஷம் இல்லை, சொல்லித்தான் அவர்கள் மனதைப் புண்படுத்த வேண்டுமா?” என்றார் என் கணவர். அன்போடு சொன்னதுதான் என்றாலும் எனக்கு ஒப்பவில்லை. அவர்கள் உடம்புக்குள் போனதைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் நாங்கள் ஒரு முடிவெடுப்பது, அந்த உரிமையாளர் செய்த வேலையை நாங்கள் தொடர்வது போலத்தான். தொலைபேசியில் சொல்லாமல், மறுநாள் மாலை நேரில் போனோம். சம்பந்தி அம்மா முகம் வெளுத்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: “சூப்புலயும் இருந்துச்சா மதினி?” இருந்தது என்றேன். உள்ளறையை ஒருமுறை பார்த்துவிட்டு, “அத்தைக்கு மட்டும் தெரிய வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன்” என்றார். யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டியவர் அவர்தான்; அதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசவில்லை. கல்யாணத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அதன் பிறகு இரண்டு முறை வீட்டுக்கு வந்தார்கள், இரண்டு முறையும் காபி மட்டும் குடித்தார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, அடுத்த ஆர்டரில் 20 சதவீதம் தள்ளுபடி தருவதாக முதலில் சொன்னார்கள். செயலியில் நான் எழுதிய விமர்சனத்தை நீக்கினால் 3,000 ரூபாய் திருப்பித் தருவதாகப் பிறகு சொன்னார்கள். இரண்டையும் மறுத்துவிட்டேன். டப்பாக்களின் படங்கள், கட்டண ரசீது, ‘நூறு சதவீதம் வெஜ்’ என்று அவர்கள் அனுப்பிய குறுஞ்செய்தி, மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை இணைத்து, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் தளத்திலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். டப்பாக்களைக் கழுவாமல் உறையில் போட்டு ஃபிரீசரில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், குப்பை வண்டி வருவதற்குள் முதலில் அதைச் செய்யுங்கள்.

நேற்று மாலை பார்த்தபோதும் அந்த நிறுவனம் செயலியில் பச்சை வட்டத்துடனேயே ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தது. மெனுவில் புதிதாக ஒரு கிம்ச்சி சூப் சேர்ந்திருக்கிறது. அதன் பெயருக்கு முன்னாலும் ‘வெஜ்’ என்று போட்டிருக்கிறார்கள்.