பனாமா கால்வாய் குரூஸ்: கப்பலின் அகலத்தைக் கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள்

அறை, சாப்பாடு, நீச்சல்குளம் எல்லாவற்றுக்கும் முன்பாக விசாரிக்க வேண்டியது கப்பலின் அகலம். 32.3 மீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் 1914-ல் திறந்த பழைய லாக்குகள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) வழியாகப் போகும். அதைத் தாண்டினால் 2016-ல் திறந்த புதிய லாக்குகள்தான்.

என் ஓட்டு பழைய லாக்குக்கே. தொட்டியின் அகலம் 33.5 மீட்டர். அதில் 32.3 மீட்டர் அகலக் கப்பல் நுழையும்போது பக்கத்துக்கு அரை மீட்டர் சொச்சம்தான் மிச்சம். சிறு துடுப்புப் படகில் இரண்டு பேர் வந்து முதல் கயிற்றை வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு சுவரின் மேல் தண்டவாளத்தில் ஓடும் ‘மியூல்’ இன்ஜின்கள் கம்பிவடத்தால் கப்பலைப் பிடித்துக்கொள்ளும். அவைதான் கப்பலை இழுக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். கப்பல் தன் இன்ஜினில்தான் நகர்கிறது. சுவரில் இடிக்காமல் நடுவில் நிறுத்துவதே மியூலின் வேலை. கீழ்த்தளத்து நடைபாதையில் நின்றால் ஈரக் கான்கிரீட் சுவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும். தண்ணீர் ஏற ஏற அந்தச் சுவர் கீழே இறங்கி, மியூல் ஓட்டுநர் உங்கள் கண்மட்டத்துக்கு வந்துவிடுவார். இத்தனைக்கும் பம்பு எதுவும் கிடையாது. கால்வாயின் நடுவே, கடல்மட்டத்துக்கு 26 மீட்டர் உயரத்தில் இருக்கும் காத்தூன் ஏரித் தண்ணீர் தன் பாரத்தாலேயே இறங்கித் தொட்டிகளை நிரப்புகிறது.

புதிய லாக்குகளின் அகலம் 55 மீட்டர். சுமார் 41 மீட்டர் அகலமுள்ள நார்வீஜியன் பிளிஸ் போன்ற கப்பல்கள் இவ்வழியே போகின்றன. மியூலுக்குப் பதில் முன்னும் பின்னும் டக் படகுகள் (கப்பலை இழுத்துத் தள்ளும் சிறு படகுகள்). கதவுகள் பக்கவாட்டில் உருண்டு மூடும், பக்கத்துக் குளங்கள் 60 சதவீதத் தண்ணீரை மீண்டும் பயன்படுத்தும். பொறியியலாக அருமை. ஆனால் சுவர் தள்ளியே இருப்பதால் அந்த நெருக்கம் கிடைக்காது.

விளம்பரத்தில் ‘பார்ஷியல் டிரான்சிட்’ என்று இருந்தால் கவனம். காத்தூன் ஏரி வரை ஏறி, வந்த வழியே திரும்பிவிடுவார்கள். லீவு குறைவாக இருப்பவர்களுக்கு அது போதும். ஆனால் மலையை வெட்டித் திறந்த 13.7 கிலோமீட்டர் குலேப்ரா வெட்டு, பசிபிக் பக்கத்துப் பெத்ரோ மிகேல், மிராஃப்ளோரஸ் லாக்குகள் எதையும் பார்க்க முடியாது. முழுப் பயணம் பெரும்பாலும் ஃபுளோரிடாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் இடையே நடக்கிறது. நடுவில் வெளிநாட்டுத் துறைமுகங்களுக்குப் போய்வருவதால் இந்திய பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா மல்டிபிள் என்ட்ரியாக இருக்க வேண்டும்.

கடக்க 8 முதல் 10 மணி நேரம் ஆகும். முன்தளம் விடியும்போதே நிரம்பிவிடும். வழக்கமாகப் பூட்டியிருக்கும் முகப்புத் தளத்தையும் அன்று சில கப்பல்களில் திறந்துவிடுவார்கள். முந்தின இரவு அறைக்கு வரும் நிகழ்ச்சி நிரலில் பாருங்கள். அட்லாண்டிக் பக்கமிருந்து போனால் காத்தூனில் மூன்று படிகளாக லாக்குகள். முதலாவதை முன்தளத்திலிருந்தும், இரண்டாவதைக் கீழ்நடைபாதையிலிருந்தும் பாருங்கள். மூன்றாவதுக்குப் பின்தளம்: சுமார் 2 மீட்டர் தடிமனுள்ள கதவுகள் பின்னால் மூடுவது அங்கிருந்துதான் தெரியும். கப்பல் தெற்கு நோக்கிப் போவதால் காலை வெயில் இடப்பக்கம் விழும். வலப்பக்கம் பார்த்து எடுக்கும் படங்கள் தெளிவாக வரும்.

ஏரியில் மற்ற கப்பல்களுக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்க நேரலாம், அட்டவணை தள்ளிப்போகும். அந்த நேரத்தில் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். குலேப்ரா வரும்போது பஃபே வரிசையில் நின்றால் போச்சு! டிசம்பர் பாதியிலிருந்து ஏப்ரல் வரை மழை குறைவு, ஆனாலும் புழுக்கம் வாட்டும். தொப்பியும் தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

பால்கனி அறைக்கு இந்த ஒரு நாளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஒரு பக்கம் மட்டுமே தெரியும். எப்படியும் தளம் தளமாக நடக்கத்தான் போகிறீர்கள். லாக்குகளில் இருக்கும் கேமராக் காட்சிகளைக் கால்வாய் நிர்வாகம் இணையத்தில் காட்டுகிறது. பனாமாவில் காலை 7 என்றால் நம்மூரில் மாலை 5.30. வீட்டாரிடம் கப்பலின் பெயரைச் சொல்லி வைத்தால் அவர்களும் பார்க்கலாம்.